வாடகைக் கட்டடப் பராமரிப்பு: எதை முன்கூட்டிச் செய்வது, எதைக் கெடும்வரை விடுவது

கட்டடத்தில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே அளவு அக்கறையோடு பராமரிக்க முடியாது. பராமரிக்க வேண்டியதும் இல்லை. கட்டடத்தைப் பொறுப்பேற்றதும் முதலில் செய்ய வேண்டிய வேலை, இருப்பதை மூன்றாகப் பிரிப்பது. கெட்ட பிறகு மாற்றினால் போதும் என்பவை ஒரு வகை. தேதி வைத்துச் செய்தே ஆக வேண்டியவை இன்னொன்று. அவ்வப்போது கண்ணால் பார்த்து, நிலைமைக்குத் தகுந்தபடி முடிவெடுக்க வேண்டியவை மூன்றாவது.

பிரிப்பதற்கு ஒரு கேள்வி போதும்: இது கெட்டால் கூடவே வேறு எது கெடும்? அறைக்குள் இருக்கும் பல்பு போனால் அந்த அறை இருட்டாகும், அவ்வளவுதான். குழாய் வாஷர், தாழ்ப்பாள், கதவுக் கீல், ஸ்விட்ச் எல்லாம் இந்த வகை. இவற்றுக்குக் கால அட்டவணை வேண்டாம், உதிரிப் பொருள் இருப்பில் இருந்தால் போதும். ஆனால் மேல்நிலைத் தொட்டியின் மிதவை வால்வு சிக்கிக்கொண்டால் தண்ணீர் இரவெல்லாம் வழியும், மொட்டைமாடி ஊறும், மேல்தளக் கூரையில் ஓதம் இறங்கும், மோட்டாரும் ஓய்வில்லாமல் ஓடும். அதே பல்பு படிக்கட்டில் இருந்தால் யாராவது தடுக்கி விழலாம். அதனால் அது அன்றைக்கே மாற்ற வேண்டிய பொருள் ஆகிவிடுகிறது.

உரிமையாளர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் முதல் வகையில் தள்ளிவிடுகிறார்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சத்தமில்லாமல், சூடேறாமல் ஓடிக்கொண்டிருக்கும் பம்ப்பை வருடம் தவறாமல் பிரித்து மாட்டுவது அப்படிப்பட்டது. திரும்ப மாட்டும்போது மோட்டார் தண்டும் பம்ப் தண்டும் ஒரே நேர்கோட்டில் உட்காராவிட்டால், அதுவரை இல்லாத அதிர்வும் பேரிங் தேய்மானமும் அன்றிலிருந்துதான் தொடங்கும்.

பதிவேடு

ஒரு நோட்டுப் புத்தகமோ கணினியில் ஒரு அட்டவணையோ, எது வசதியோ அது. ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு விவரம் இருக்க வேண்டும்: எங்கே இருக்கிறது, என்ன அளவு அல்லது திறன், எப்போது பொருத்தியது, கடைசியாக என்ன செய்தது. பம்ப்பின் பெயர்த்தகட்டை இப்போதே படம் எடுத்து வையுங்கள். சில வருடங்களில் துருவும் பெயிண்டும் ஏறி அதைப் படிக்க முடியாமல் போகும். பேட்டரி, மோட்டாரைக் கிளப்பும் கெபாசிட்டர், மிதவை வால்வு போன்றவற்றின் மேலேயே அழியாத மார்க்கரால் மாட்டிய தேதியை எழுதிவிட வேண்டும். பதிவேடு தொலைந்தாலும் அந்தத் தேதி பொருளோடு இருக்கும்.

வால்வுகளுக்கு அடையாளம் கட்டுவதை யாரும் அவசரமாக நினைப்பதில்லை. மொட்டைமாடியில் வரிசையாக இருக்கும் எட்டு வால்வுகளில் எது எந்த வீட்டுக்கு, எது குளியலறைக்கு, எது சமையலறைக்கு என்று ஒவ்வொன்றாக மூடிப் பார்த்து, எண் பொறித்த தகடு கட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வால்வையும் முழுக்க மூடித் திறக்க வேண்டும். வருடக்கணக்கில் அசையாத கேட் வால்வு, குழாய் உடைந்த அன்று மூட மறுக்கும். பலத்தைக் காட்டினால் தண்டு கையோடு வந்துவிடும்.

தண்ணீர் போகும் வழி

கட்டடத்தைக் கெடுப்பதில் பெரும்பங்கு தண்ணீருடையது. அதனால் மாதாந்திரச் சுற்றை மேலிருந்து கீழாக, தண்ணீர் இறங்கும் வழியிலேயே நடக்க வேண்டும்: மொட்டைமாடி, கைப்பிடிச் சுவர், மழைநீர்க் குழாய், சன்ஷேடு, குளியலறைகள், தரைமட்டச் சாக்கடை அறைகள், சம்ப் என்னும் தரைக்கடித் தொட்டி.

மொட்டைமாடியில் மழை நின்ற மறுநாளும் தண்ணீர் தேங்கியிருக்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் சுற்றிக் கோடு போடுங்கள். தளத்துக்குக் குறைந்தது 100-க்கு 1 என்ற சரிவு தேவை. அதாவது 5 மீட்டர் தூரத்துக்கு 50 மி.மீ. இறக்கம். சரிவு சரியாக இருந்தும் தேங்கினால், பெரும்பாலும் மழைநீர்க் குழாயின் வாயில் சருகு அடைத்திருக்கும். மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்பும், முதல் பெருமழைக்கு அடுத்த நாளும் வாயைச் சுத்தம் செய்து வலை மூடி இருக்கிறதா என்று பார்த்தால் பாதிப் பிரச்சினை வராது.

கூரையிலிருந்துதான் ஓதம் வருகிறதா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் தண்ணீர் கட்டிப் பார்க்கலாம். குழாய் வாய்களைத் துணிப்பந்தால் அடைத்து, 25 முதல் 50 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, 48 மணி நேரம் விட வேண்டும். அதற்கு மேல் உயரம் வேண்டாம். 50 மி.மீ. தண்ணீரே ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை. தண்ணீர் கட்டும் முன் கீழ்வீட்டுக் கூரையில் இப்போதுள்ள ஈரக்கறையின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்துவிட்டால், கறை வளர்ந்ததா என்பதில் வாக்குவாதம் வராது.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைதான் அதிகம் கசியும் இடம். தளம் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும்போது அங்கே கோடு போல விரிசல் விழும். அரச மரம், ஆல மரக் கன்று முளைப்பதும் அங்கேதான். கன்றை மேலோடு ஒடித்தால் வேர் உள்ளே தடித்துக்கொண்டே போகும். பூச்சைக் கொத்தி வேரோடு எடுத்து, விரிசலை அடைத்தால்தான் வேலை முடியும்.

குளியலறைக் கசிவு: உடைக்கும் முன்

கீழ்வீட்டுக் கூரையில் சொட்டுகிறது என்றதும் மேல்வீட்டு டைல்ஸை உடைப்பது வழக்கமாகிவிட்டது. முழுத் தரையையும் மாற்றிய பிறகும் சொட்டு நிற்காத கதைகளுக்கு இதுவே காரணம். மூன்று சாத்தியங்கள் இருக்கின்றன: அழுத்தத்தோடு தண்ணீர் வரும் குழாய், கழிவுநீர்க் குழாய், தரை. இவற்றை ஒவ்வொன்றாகத்தான் கழிக்க வேண்டும்.

முதல் சோதனைக்குக் குளியலறையை ஒரு நாள் யாரும் பயன்படுத்தக் கூடாது. வால்வு திறந்திருக்கட்டும், குழாய்கள் மூடியிருக்கட்டும், தரை காய்ந்திருக்கட்டும். அப்போதும் இரவு பகல் ஒரே வேகத்தில் சொட்டினால் சந்தேகம் தண்ணீர் வரும் குழாய் மேல்தான். மேலே வால்வை மூடுங்கள். சில மணி நேரத்தில் சொட்டு தளர்ந்தால் உறுதி. பிறகு கீசருக்குப் போகும் வால்வை மட்டும் மூடிப் பார்த்தால் சுடுநீர்க் குழாயா, பச்சைத் தண்ணீர்க் குழாயா என்பதும் தெரிந்துவிடும்.

பயன்படுத்தாதபோது சொட்டு நின்றுவிட்டால், தரையை நனைக்காமல் ஒரு ஹோஸை நேராகத் தரையின் வடிகால் வாயான ஃப்ளோர் டிராப்புக்குள் விட்டு இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். இப்போது சொட்டினால் கழிவுநீர்க் குழாயின் இணைப்பில் ஓட்டை. சொட்டாவிட்டால் டிராப்பை அடைத்து, தரையில் 25 மி.மீ. தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்துங்கள். இதில் கசிந்தால்தான் தரை. அப்போதும் முழுத் தரையையும் குற்றம் சொல்ல வேண்டாம். டிராப்பின் கழுத்துக்கும் சுற்றியுள்ள கான்கிரீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை முதலில் பாருங்கள். டிராப்பைச் சுற்றி ஒரு டைல் அளவு மட்டும் எடுத்து, சுருங்காத கிரவுட் என்னும் நிரப்புக் கலவையால் அடைத்தே சரியான வேலைகள் நிறைய.

ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவே கீழ்க்கூரை சொட்டாமல் ஓயும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் முந்தைய சோதனையின் தண்ணீரே இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும், முடிவு தப்பாகிவிடும்.

வீடு காலியாக இருக்கும்போது இன்னொன்று நடக்கும். டிராப்பில் நிற்கும் 50 மி.மீ. அளவுத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுப்பது. யாரும் இல்லாத வீட்டில் அது சில வாரங்களில் ஆவியாகிவிடும். காலி வீட்டின் ஒவ்வொரு டிராப்பிலும் வாரம் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் வீடு பார்க்க வருபவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்ப மாட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு மீட்டர் இருந்தால் அதுவே போதும். இரவு எல்லோரும் குழாயை மூடிய பின் ஒரு அளவு, விடிகாலை திறக்கும் முன் ஒரு அளவு. வித்தியாசம் இருந்தால் முதலில் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிகளில் சாய நிறம் கலந்து, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். பீங்கானில் நிறம் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பு தேய்ந்துவிட்டது.

தொட்டியும் செப்டிக் டேங்கும்

தண்ணீர்த் தொட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். வண்டலை அள்ளி, சுவரைத் தேய்த்து, கழுவிய தண்ணீரை வெளியேற்றிய பின் கிருமிநீக்கம். ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கணக்கு. பிளீச்சிங் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருப்பதாகக் கொண்டால், 1,000 லிட்டருக்கு 150 கிராம். அதை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். ஒவ்வொரு வீட்டுக் குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடினால் குழாய்களும் சுத்தமாகும். 24 மணி நேரம் வைத்திருந்து, முழுக்க வெளியேற்றி, புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். அந்த ஒரு நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். நாள்பட்டுத் திறந்து கிடந்த பவுடருக்கு வீரியம் இருக்காது. ஆசிட் கழுவலோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

செப்டிக் டேங்கில் அடி வண்டலும் மேலே மிதக்கும் ஆடையும் சேர்ந்து நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டியதும் லாரியை அழைக்க வேண்டும். பொதுவாக 2 முதல் 3 வருடம் ஆகும். குடியிருப்பவர்கள் அதிகமானால் இன்னும் சீக்கிரம். உள்ளே ஆள் இறங்கக் கூடாது, எந்தக் காரணத்துக்கும். ஹைட்ரஜன் சல்பைடு வாயு செறிவு கூடும்போது மூக்கின் நுகரும் திறனையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குவதுதான் உயிரைக் குடிக்கிறது.

விரிசலும் துருவும்

எல்லா விரிசலும் ஆபத்தில்லை. பூச்சில் வலைப்பின்னல் போல் ஓடும் மயிரிழைக் கோடுகள் சிமெண்ட் காயும்போது வந்தவை. பெயிண்ட் அடிக்கும்போது அடைத்தால் போதும். சுவரில் படி படியாகவோ சாய்வாகவோ ஓடி, ஒரு முனையில் அகலமாக இருக்கும் விரிசல் அஸ்திவாரம் இறங்குவதைக் காட்டலாம். அதன் குறுக்கே ஜிப்சம் பட்டை ஒன்றைப் பூசி, தேதி எழுதி, மாதம் ஒருமுறை பாருங்கள். பட்டை உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது, கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்ட வேண்டும். உடையாமலே ஒரு வருடம் ஓடினால் அடைத்துவிடலாம். ஒரு வருடம் என்பதற்குக் காரணம், சில விரிசல்கள் வெயில் காலத்தில் மூடி மழைக்காலத்தில் திறக்கும்.

கூரையிலோ பீமிலோ கம்பியின் போக்கிலேயே நேர்கோடாக விரிசல் விழுந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை பிஎச் 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரம்தான் கம்பியைக் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே இறங்கி அதை 9-க்கும் கீழே கொண்டுவந்துவிட்டால் காப்பு போய்விடும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கடிதான் கான்கிரீட்டைப் பாளம் பாளமாகப் பெயர்க்கிறது.

பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் கலவையை அப்பி மூடுவது பரவலாக நடக்கும் வேலை. துருவின் மேலேயே பூசுவதால் அது மீண்டும் கழன்று விழும், இந்த முறை யார் தலையிலாவது. சரியான வரிசை இது: தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் சுமார் 20 மி.மீ. வரை கொத்தி எடுக்க வேண்டும். பீம், தூண் என்றால் பொறியாளர் சொன்னபடி முட்டுக் கொடுத்த பிறகே கொத்த வேண்டும். கம்பியைப் பளபளக்கும்வரை தேய்த்து, அதன் தடிமனை அளந்து பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி இளைத்திருந்தால் புதுக் கம்பி சேர்ப்பதைப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். பிறகு துத்தநாகப் பிரைமர், ஒட்டுப்பூச்சு, பாலிமர் கலந்த கலவை, ஈரம் காயாமல் 7 நாள் நீராற்றல். ஈரம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காவிட்டால் இவ்வளவும் வீண்.

பெயிண்டுக்கும் இதே நியாயம்தான். ஓதம் உள்ள சுவரில் எந்த விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் உப்பு பூத்துக் கொப்புளம் விடும். புதுப் பூச்சு 28 நாளாவது காய வேண்டும்.

மின்சாரம், மோட்டார், லிஃப்ட்

மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது விழாவிட்டால், அதாவது மின்சாரத்தைத் துண்டிக்காவிட்டால், மாற்ற வேண்டும். பொத்தான் சரியாக வேலை செய்தால் எர்த்தும் சரி என்று பொருளில்லை, அதைத் தனியாகக் கருவி வைத்து அளக்க வேண்டும், அதுவும் மண் காய்ந்திருக்கும் காலத்தில். ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் எல்லா எம்சிபியையும் (அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) இறக்கிவிட்டு, ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பது வழக்கமான முறை. எல்லாம் இறங்கியிருந்தும் அது நிற்காமல் விழுந்தால் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது என்று சந்தேகப்படுங்கள். ஒற்றைத் துருவ எம்சிபி ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும்.

எம்சிபி விழுகிறது என்பதற்காகப் பெரிய ஆம்பியர் போடச் சொல்லும் குடித்தனக்காரரும், போட்டுவிடும் எலக்ட்ரீஷியனும் உண்டு. எம்சிபி காப்பது வயரை. 1.5 சதுர மி.மீ. வயருக்குப் பொதுவாக 10 ஆம்பியர், 2.5-க்கு 16. வயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் 32-க்கு மாற்றினால் சுவருக்குள் வயர் உருகும், எம்சிபி வேடிக்கை பார்க்கும். வருடம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து மெயின் போர்டின் திருகுகளை இறுக்கச் சொல்லுங்கள். பழுப்பேறிய வயர் நுனி தளர்ந்த இணைப்பின் அடையாளம்.

பம்ப்பில், தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கிளாண்டு கயிறு உள்ள வகை நிமிடத்துக்குச் சில சொட்டு ஒழுகத்தான் வேண்டும். அந்தத் தண்ணீர்தான் தண்டைக் குளிர்விக்கிறது. சொட்டை நிறுத்த இறுக்கினால் தண்டு தேயும். கயிற்றுக்குப் பதில் மெக்கானிக்கல் சீல் உள்ள வகை ஒழுகினால் சீல் போய்விட்டது. மோட்டார் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றால் முதலில் கெபாசிட்டரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றித்தான் ஓட்ட வேண்டியிருந்தால், உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வைப் பாருங்கள். சம்ப் வற்றியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவை ஸ்விட்ச், ஒரு சீலின் விலைக்குள் வந்துவிடும் பாதுகாப்பு.

லிஃப்ட்டில் உரிமையாளர் தொட வேண்டியது எதுவும் இல்லை, பார்க்க வேண்டியது மூன்று: குழியில் தண்ணீர் இருக்கிறதா, தளத்தோடு சரிமட்டமாக நிற்கிறதா, மின்சாரம் போனால் அருகிலுள்ள தளத்துக்குக் கொண்டுவரும் பேட்டரி வேலை செய்கிறதா. தீயணைப்பான்களில் முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு வகைக்கு முள் கிடையாது. எடை போட்டு, வாயு 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும்.

புகார் வரும் வழி

எவ்வளவு சுற்றி வந்தாலும் கசிவை முதலில் பார்ப்பது குடியிருப்பவர்தான். புகார் சொன்னால் உரிமையாளர் முகம் சுளிப்பார் என்று தெரிந்தால் அவர் சொல்ல மாட்டார். சின்ன ஈரம் ஆறு மாதம் கழித்துப் பெரிய செலவாக வரும். புகாருக்கு ஒரே ஒரு எண் அல்லது முகவரி இருக்கட்டும். காவலாளியிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது.

தீய்ந்த வாடை, எரிவாயு வாடை, குழாய் உடைப்பு, வீட்டுக்குள் சாக்கடை எதிர்த்து வருதல், லிஃப்ட்டில் ஆள் சிக்குதல் ஆகியவற்றுக்கு அந்த மணி நேரத்திலேயே ஆள் போக வேண்டும். தண்ணீர் வரவில்லை, ஒரு அறைக்கு மின்சாரம் இல்லை, வாசற்பூட்டு கெட்டது என்றால் 24 மணி நேரம். மற்றவை ஒரு வாரம். அந்த ஒரு வாரத்திலும் ஆள் எந்தத் தேதி வருவார் என்று அன்றே சொல்லிவிட வேண்டும். உரிமையாளரானாலும் முன்னறிவிப்பில்லாமல் உள்ளே போகக் கூடாது. குடிவரும் நாளிலேயே வீட்டுக்கான வால்வும் மெயின் ஸ்விட்ச்சும் எங்கே என்று கையோடு அழைத்துப்போய்க் காட்டுங்கள். அதே நாளில் எடுக்கும் தேதியிட்ட படங்கள், காலி செய்யும்போது தேய்மானம் எது, சேதம் எது என்ற பேச்சைச் சுருக்கும்.

பணமும் ஒப்பந்தமும்

கட்டட மதிப்பில் வருடம் ஒரு சதவீதம் ஒதுக்கு என்று ஒரு வாய்க்கணக்கு உண்டு. நிலத்தின் விலையும் அதில் கலந்துவிடுவதால் அது எதற்கும் பொருந்தாது. பொருள் பொருளாகப் போடும் கணக்கே உருப்படி: இன்றைக்கு மாற்றினால் ஆகும் செலவை மீதமுள்ள ஆயுளால் வகுங்கள். நீர்த்தடுப்புப் பூச்சு இன்னும் 8 வருடம் தாங்கும் என்றால் வருடத்துக்கு அதன் செலவில் எட்டில் ஒரு பங்கு. மூன்று வருடம் ஒதுக்காமல் விட்டிருந்தால் இனி ஐந்தில் ஒரு பங்கு. வருடா வருடம் விலையைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும்.

வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் உதிரிப்பாகம் சேர்த்தா, வேலைக்கூலி மட்டுமா என்பதை முதலில் படியுங்கள். எத்தனை மணி நேரத்துக்குள் வர வேண்டும், இரவிலும் விடுமுறையிலும் வருவார்களா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நீர்த்தடுப்பு வேலைக்குத் தொகையில் 5 முதல் 10 சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைப்பதை வேலை தொடங்கும் முன்பே ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். எந்தப் பொருள், எத்தனை பூச்சு, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதும் அதில் வர வேண்டும். பரப்பை அந்த அளவால் பெருக்கினால் எத்தனை டப்பா காலியாகியிருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். டப்பாக்களின் முத்திரையை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லி, வேலை முடிந்ததும் காலி டப்பாக்களை எண்ணிய பிறகே பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.